காங்கோ ரெட் சாயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காங்கோ ரெட் சாயமிட்ட சிறுநீரக பயாப்சி (சோதனைக்கு எடுத்த திசு) ஒன்றில் குளோமெருலஸ் (இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு) முழுவதும் செம்மை படர்ந்திருக்கிறது. அமைலாய்டு (திசுக்களில் படியும் பிறழ்ந்த புரதம்) என்று அறிக்கை எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். சாதாரண ஒளியில் தெரியும் சிவப்பு, சந்தேகப்படப் போதுமே தவிர முடிவு சொல்லப் போதாது. மிகுதிச் சாயம் சரியாக நீங்காத ஸ்லைடில் கொலாஜனும் எலாஸ்டின் நார்களும் அதே சிவப்பைக் காட்டும். நுண்ணோக்கியின் ஒளி வடிகட்டிகளான போலரைஸரையும் அனலைஸரையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துப் பார்க்கும்போது, சிவந்திருந்த அதே இடம் ஆப்பிள் பச்சையாக ஒளிர வேண்டும். கொலாஜன் வெள்ளி போல் வெண்மையாக மின்னும். புதிதாகப் பழகுபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அறை விளக்கை அணைத்துவிட்டு, நுண்ணோக்கியின் ஒளியை முழுவதும் கூட்டி, மேடையை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பச்சையோடு மஞ்சளோ ஆரஞ்சோ கலந்து தெரிந்தால் அமைலாய்டு இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: கண்ட்ரோல் ஸ்லைடு (அமைலாய்டு இருப்பது உறுதியான ஒப்பீட்டு மாதிரி) நன்றாகச் சாயம் ஏற்கிறது, நோயாளியின் திசு மட்டும் வெளிறிக் கிடக்கிறது. காரணம் என்ன?

பதில்: அமைலாய்டு இல்லாமலே இருக்கலாம். ஆனால் அதை ஏற்பதற்கு முன், ஸ்லைடுக்காக வெட்டிய மெல்லிய திசுத் துண்டான செக்‌ஷனின் தடிமனைக் கேளுங்கள். வழக்கமான 3 அல்லது 4 மைக்ரான் இதற்குப் போதாது. 8 முதல் 10 மைக்ரான் வேண்டும். எங்கள் கூடத்தில் ஒருமுறை திசுவை வெட்டும் கருவியான மைக்ரோடோமின் அளவை மாற்ற மறந்து இதயத் திசுவை மெல்லியதாகவே வெட்டிவிட்டோம். அமைலாய்டு இல்லை என்று எழுதவிருந்த அறிக்கை, மெழுகில் பதித்த அதே திசு பிளாக்கைத் தடிமனாக வெட்டிப் பார்த்ததும் மாறியது. அடுத்ததாக முறையைப் பாருங்கள். பென்ஹோல்டு 1922இல் தொடங்கிவைத்த பழைய வழியில் மிகுதிச் சாயத்தைப் பின்னர் நீக்க வேண்டியிருப்பதால், நீக்குவது சற்று மிகுந்தால் அமைலாய்டின் சாயமும் போய்விடும். 1962இல் புக்ட்லர் குழுவினர் வெளியிட்ட காரக் கரைசல் முறையில், உப்பு செறிந்த 80 சதவீத ஆல்கஹால் பிற இடங்களில் சாயம் ஒட்டுவதைத் தடுப்பதால் அந்த நீக்கும் படியே தேவையில்லை. கரைசலைப் பயன்படுத்தும் வேளையில்தான் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்து, 15 நிமிடத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

கேள்வி: பெர்மாங்கனேட்டில் ஊறவைத்தபின் காங்கோ ரெட் ஏற்கிறதா என்று பார்க்கும் பெர்மாங்கனேட் சோதனையால், நாள்பட்ட அழற்சியால் வரும் ஏஏ வகை அமைலாய்டைப் பிரித்தறியலாமா?

பதில்: இன்று அதை நம்பி வகை சொல்லக் கூடாது. சிகிச்சை, அமைலாய்டின் வகையைப் பொறுத்தே அமைவதால், எதிர்ப்பொருளால் புரதத்தை அடையாளம் காணும் நோயெதிர்ப்புச் சாயமுறையோ, அதைவிட உறுதியாகப் புரதத்தின் துண்டுகளை நிறையால் இனங்காணும் நிறை நிறமாலைமானியோ வேண்டும்.

கேள்வி: கண்ட்ரோல் செக்‌ஷன்களை மொத்தமாக வெட்டி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், வெட்டி வைத்த செக்‌ஷன்கள் நாளடைவில் சாயமேற்கும் திறனை இழக்கும். பிளாக்கைப் பத்திரப்படுத்தி, அவ்வப்போது தேவைக்கு மட்டும் வெட்டுங்கள்.