பத்திரம் அடிக்கிற கம்ப்யூட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதிக்கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஐந்து கம்ப்யூட்டர், ஐந்திலும் விண்டோஸ் 10. இனிமேல் அப்டேட் வராது, எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் பையன். உண்மையா ஐயா?
- வாசகி, கடலூர்

பதில்: பையன் சொன்னதில் பாதி சரிம்மா. விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் கட்சிக்காரர்களின் ஆதார் நகல் கிடக்கிற மெஷினை நெட்டில் போட்டபடி அப்படியே ஓட்டக்கூடாது. ஆபீஸ்களுக்குக் காசு கட்டினால் அப்டேட் உண்டு. முதல் வருஷம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு. அந்தக் காசை வேறு வழியில் செலவழிக்கலாம்.

மீதிப் பாதி வியாபாரப் பேச்சு. பிராசஸர் பெயரைப் பாருங்கள். ஐ5-8400 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறும். ஐ3-6100 என்றால் ஆறாம் தலைமுறை, தேறாது. விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சிப்பான 'டி.பி.எம். இல்லை' என்று காட்டினாலும் பயப்படாதீர்கள். பல போர்டுகளில் அது பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங்கில், அணைந்துதான் கிடக்கும். இன்டெல்லில் பி.டி.டி. என்ற பெயரில் இருக்கும், போட்டுவிட்டால் போதும். ஒரிஜினல் விண்டோஸ் 10 என்றால் 11-க்குத் தனிக் காசும் கிடையாது.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அரிசி மண்டிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்று மெஷினையும் ஒரே மூச்சில் மாற்றிக் கொடுத்தேன். காலையில் பில் போடவில்லை. அவர்களுடைய பில் புரோகிராம் டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பழைய 16 பிட் சரக்கு, 32 பிட் விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது, 16 பிட் புரோகிராம் ஓடாது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு முழுக்க முதலாளி துண்டுச் சீட்டில் பில் எழுதினார், என்னைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

உங்கள் ஆபீஸில் அந்த இடத்தில் நிற்பது எழுத்துரு. பழைய கிரயப் பத்திரங்களெல்லாம் பாமினியில் இருக்கும் என்று நினைக்கிறேன். டிஸ்க்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றினால் பாமினியும் சேர்ந்து போகும். ஃபைலைத் திறந்தால் ஒரே இங்கிலீஷ் எழுத்து, புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி. ஃபைல் கெடவில்லை. எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும். ஆனால் அதை எங்கே போய்த் தேடுவது? முதலில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அழிக்காமல் மேலேயே அப்கிரேடு செய்யச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம்.

ஒரே ஒரு மெஷினில் செய்து, பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை மெஷின் எல்லாவற்றையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். பதிவு கூடுகிற முகூர்த்த நாட்களில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. புதிதாக ஏற்றும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். பையன் அவசரத்தில் தன் கணக்கைப் போட்டுவிடுவார். டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும், 48 இலக்கச் சாவி அவர் கணக்கில் போய் உட்காரும். பையன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டால் நீங்கள் யாரைக் கேட்பீர்கள்? உங்கள் கணக்கைப் போட்டு, சாவியை பிரிண்ட் எடுத்துப் பீரோவில் வையுங்கள்.

தேறாத மெஷின் ஒன்றிரண்டு மிஞ்சினால் நெட்டைப் பிடுங்கிவிட்டு டிராஃப்ட் அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். வருகிறவர் போகிறவர் பென் டிரைவை மட்டும் அதில் செருக விடாதீர்கள்.