கையெழுத்து இல்லையென்றால் காசு இல்லையா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்க, பொள்ளாச்சி கான்ட்ராக்டர் ஒருவரிடம் 6,40,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டோம். ‘எக்ஸ்ட்ரா வேலைக்கு வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே பணம்’ என்று அதில் இருக்கிறது. இப்போது சிட்-அவுட் ஷீட்டுக்கு 48,000, சமையலறை கிரானைட்டுக்கு 52,000, பாத்ரூமில் மேல்வரை டைல்ஸ் ஒட்டியதற்கு 35,000 கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் முன்னால் கத்தி மானத்தை வாங்கினார். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பணம் கொடுக்க வேண்டுமா?

பதில்: அவர் கத்தியதை விடுங்கள், கோர்ட் அதைக் கேட்காது. வேலை நடந்தபோது உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தும் விட்டீர்களா? கேஸ் இதில்தான் நிற்கிறது.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் பதிவுகளைப் பார்த்தேன். ‘அண்ணா, மழைக்கு முன்னாடி ஷீட்டைப் போட்டிருங்க’ என்பது உங்கள் குரல். மறுநாள் ஜிபேயில் 20,000. குறிப்பில் ‘ஷீட் அட்வான்ஸ்’. கிரானைட்டைக் கடைக்குப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான். எழுத்தில் வேண்டும் என்ற நிபந்தனையை நீங்களே நடத்தையால் கைவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஒப்பந்தச் சட்டம் 70-ஆவது பிரிவையும் சேர்த்துக்கொள்ளும்: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பலனை அனுபவித்தால், ஈடு கொடுக்க வேண்டும். முறையான ஒப்பந்தமே இல்லாமல், அதிகாரிகள் சொன்னதற்காகக் கட்டடம் கட்டிய மண்டல் நிறுவனத்துக்கு மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தாக வேண்டும் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதே பிரிவில்தான். அரசாங்கமே தப்பவில்லை.

டைல்ஸ் கதை வேறு. அப்போது நீங்கள் கோவையில் மகள் வீட்டில் இருந்தீர்கள்; யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பே இல்லாதவரிடம் 70-ஆவது பிரிவைக் காட்டிப் பணம் கேட்பது கஷ்டம். உங்கள் நிபந்தனைக்கு உயிர் இருப்பது இந்த 35,000-இல் மட்டும்தான்.

இனி, என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி. கோபத்தில் பதில் நோட்டீஸில் ‘அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை’ என்று எழுதச் சொல்வார்கள். அடுத்த பத்தியிலேயே ‘ஷீட் ஒழுகுகிறது, கிரானைட்டில் விரிசல்’ என்பார்கள். நடக்காத வேலை எப்படி ஒழுகும்? அந்த ஒரு தாளை வைத்தே எதிர் வக்கீல் குறுக்கு விசாரணையை முடித்துவிடுவார். இன்னும் சிலர் வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு வருவார்கள். அவர் போனில் அது அப்படியே இருக்கும். 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு கோர்ட்டுக்கு வரும். அழித்தது உங்கள் நேர்மையைத்தான் கெடுக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக மிரட்டலாம் என்பது உங்கள் தம்பியின் யோசனை. வேலையில் குறை இருந்தால் போங்கள். கடனைத் தள்ளிப்போட அது வழியல்ல.

வேலை முடிந்து மூன்று வருடம் வரை அவர் வழக்குப் போடலாம். பாலக்காடு மாவட்டச் சித்தூர் முன்சீப் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக அலைந்து, வக்கீல் ஃபீஸ், வேலையைப் பார்வையிடக் கோர்ட் அனுப்பும் கமிஷனருக்கான பத்தா என்று செலவழித்து மிச்சப்படுத்தப் போவது எவ்வளவு? கணக்கைப் பாருங்கள். ஷீட், கிரானைட் இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம். கொடுத்த 20,000-ஐ அவர் கழிக்கவேயில்லை. பாக்கி 80,000. அதில் பேச்சை ஆரம்பித்து, டைல்ஸுக்குக் கொஞ்சம் சேர்த்து 95,000-க்குள் முடித்துவிடுங்கள் அம்மா. அதற்கு முன் ஒரு இன்ஜினியரை வைத்து அளந்துகொள்ளுங்கள். சதுர அடி கூட்டிப் போடுவது சகஜம்.

பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்கள். ரசீதில் ‘எக்ஸ்ட்ரா வேலை உட்பட முழுக் கணக்கும் தீர்ந்தது’ என்று எழுதி, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் அவர் கையெழுத்து வாங்குங்கள். முழுத் தீர்வாகக் குறைந்த தொகையை ஏற்றுக்கொண்டால் மீதிக் கடன் ஒழிந்தது என்கிறது 63-ஆவது பிரிவு. இது ஒப்பந்தச் சட்டத்தின் 63, மேலே சொன்னதல்ல.