அந்த 5 எதைச் சொல்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓரியன் மேகத்தின் ரேடியோ தரவில், கார்பன் மோனாக்சைடின் 115.271 கிகாஹெர்ட்ஸ் கோட்டின் உயரத்தை, அதன் கார்பன்-13 (கார்பனின் கனமான ஐசோடோப்பு) வடிவத்தின் கோட்டால் (110.201) வகுத்தேன். 5 வந்தது. சூரியக் குடும்பத்தில் ஒரு கார்பன்-13 அணுவுக்கு 89 கார்பன்-12 அணுக்கள் என்கிறார்கள். அங்கே கார்பன்-13 அவ்வளவு மிகுதியா? செம்பூத (red giant) விண்மீன்களுக்கும் இதே கணக்குதானா?

இப்படிக்கு,
இயற்பியல் முதுகலை மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மிகுதி இல்லை. 115.271 கோடு நிறைவடைந்துவிட்டது. மேகத்தின் முன்தோல்தான் அதில் தெரிகிறது, பின்னால் எவ்வளவு வாயு இருந்தாலும் உயரம் ஏறாது. உண்மை விகிதம் 60 என்று வைத்து, இரண்டுக்கும் ஒரே வெப்பநிலை கொடுங்கள். கார்பன்-13 கோட்டின் ஒளியாழம் (வாயு அந்தக் கோட்டின் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) 0.22, மற்றதற்கு 13, வகுத்தால் 5. இப்போது 30 என்று வையுங்கள். ஒளியாழம் 6.6 ஆகும், வகுத்தால் அதே 5! உங்கள் 5 சொல்வது அந்த 0.22-ஐ மட்டுமே.

வகுக்கும் இரண்டு கோடுகளும் மெலிந்தவையாக, அதாவது ஒளியாழம் 1-ஐவிட மிகக் குறைந்தவையாக, இருக்கவேண்டும். ஆக்சிஜன்-18 கொண்ட கார்பன் மோனாக்சைடு ஜோடி இதற்கு ஏற்றது: 109.782, அதன் கார்பன்-13 வடிவம் 104.711. ஆனால் முதல் கோட்டின் உயரம் (ரேடியோவில் அதைக் கெல்வினில் சொல்வோம்) 2 கெல்வின் என்றால் இரண்டாவது 0.03 கெல்வின்தான். இரைச்சல் 0.005-க்குக் கீழே இறங்கவேண்டும்; அடிக்கோட்டில் அலை இருந்தால் அதையே கோடு என்று நம்பிவிடுவோம். உச்சத்தை விட்டு, கோட்டின் பரப்பை எடுங்கள். மூலம் சிறியதென்றால், கீழ் அதிர்வெண்ணில் கற்றைப் பரப்பு (தொலைநோக்கி ஒரே நேரத்தில் பார்க்கும் வானப் பகுதி) 10% பெரிது, அதையும் திருத்தவேண்டும்.

பிறகு வேதியியல். குளிர்ந்த மேகத்தில் கார்பன்-13 அயனி, கார்பன் மோனாக்சைடிலுள்ள கார்பன்-12-ஐ வெளியேற்றி அந்த இடத்தில் அமர்கிறது. 35 கெல்வினுக்கு இணையான ஆற்றல் மிச்சம். விகிதம் குறைந்து தெரியும். புறஊதா படும் விளிம்பில் நேர்மாறு: கார்பன்-13 மூலக்கூறே அதிகம் உடைகிறது. எனவே சிஎன் (கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த) மூலக்கூறையும் பாருங்கள். அதன் கோடு பிரியும் மீநுண் கூறுகளின் வலு விகிதம் முன்பே தெரிந்ததே. வலுவான கூறு தாழ்ந்தால் நிறைவு அங்கேயே அம்பலமாகும். இப்படி அளந்ததில் சூரியனுக்கு அருகே சுமார் 68, பால்வெளி மையத்தில் 20 முதல் 25.

செம்பூதங்களிலும் சிக்கல் இதேதான். கார்பன் மோனாக்சைடின் 2.29 மைக்ரான் அகச்சிவப்புப் பட்டையின் வலுவான கோடுகள் நிறைவடைந்தவை, நுண்கொந்தளிப்புக்கு (விண்மீன் வளிமண்டல வாயுவின் சிறு அளவிலான அசைவு) ஏற்ப மாறுபவை. கார்பன்-13 கோடுகளுக்கு நிகரான வலுவுள்ள, பலவீனமான கார்பன்-12 கோடுகளைத் தேடி எடுத்து ஒப்பிடவேண்டும். சுவாதிக்கு (ஆர்க்டூரஸ்) சுமார் 7 வருவது அப்படித்தான். அது நிஜமாகவே குறைவு: உள்ளே ஹைட்ரஜன் எரிந்தபோது உருவான கார்பன்-13 மேலே வந்திருக்கிறது.

உங்கள் கோப்பில் 109.782 இருக்கிறதா பாருங்கள். 110.201-லிருந்து 0.42 கிகாஹெர்ட்ஸ்தான் தள்ளி இருக்கிறது, ஒரே பட்டையில் சிக்கியிருக்கலாம்.