வாசகர் கேள்வி – பதில்: அடுப்பு மூட்டாத சூப்

கேள்வி: ஸ்பெயினில் இருக்கும் மகள் கோடையில் ‘காஸ்பாச்சோ’ என்றொரு குளிர் சூப் குடிப்பதாகச் சொல்கிறாள். சித்திரை வெக்கைக்கு இங்கேயும் செய்யலாமோ? அளவோடு சொல்லுங்கள்.
– வாசகி, கொக்குவில்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியாவில், வயல் வேலைக்காரர் காய்ந்த பாணையும் உள்ளியையும் ஒலிவ் எண்ணெய், வினாகிரி, உப்பு, தண்ணீரோடு இடித்துக் கரைத்துக் குடித்ததுதான் இதன் பழைய வடிவம். நம் பழஞ்சோற்றுத் தண்ணி செய்த வேலையை அங்கே இது செய்தது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பிறகுதான் சிவப்பானது.

ஆறு கிளாசுக்கு: நன்றாகக் கனிந்த தக்காளிப்பழம் 1 கிலோ, சின்னக் கெக்கரிக்காய் 1 (தோலும் விதையும் நீக்கி), கறிமிளகாய் 1, உள்ளி 1 பல்லு, முதல் நாள் பாண் 50 கிராம் (கரை நீக்கி), ஒலிவ் எண்ணெய் 80 மில்லிலீற்றர், வினாகிரி 2 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. உறைப்பான பச்சைமிளகாய் வேண்டாம்.

காய்களை வெட்டி, பாணும் உப்பும் வினாகிரியும் சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் மூடி வையுங்கள். உப்பு தக்காளியின் சாற்றை இறக்கும். பாண் அதில் ஊறும். இந்த அரை மணியைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு தண்ணீர் ஊற்றிச் சப்பென்று ஆக்குகிறார்கள். ஊறியதும் பிளெண்டரில் இரண்டு மூன்று நிமிடம் அரைத்து, வடியில் கரண்டியால் அழுத்தி வடியுங்கள். தோலும் விதையும் மேலே நின்றுவிடும். திரும்பப் பிளெண்டரில் ஊற்றி, மெல்லிய வேகத்தில் எண்ணெயை நூல் போல் விடுங்கள். தடிப்பாக இருந்தால் மட்டும் 100 முதல் 200 மில்லிலீற்றர் குளிர்நீர். பிறகு குறைந்தது மூன்று மணி நேரம் பிறிட்ஜில்.

ஒன்றை மறக்க வேண்டாம்: குளிர் நாக்கின் சுவையை மழுக்கும். அரைத்த உடனே சரியாக இருக்கும் உப்பு, குளிர்ந்த பின் குறைவாகத் தெரியும். பரிமாறுமுன் இன்னொரு தடவை ருசி பாருங்கள்.

கேள்வி: செய்தேன், சிவப்பாக வரவில்லை, செம்மஞ்சளாக வந்தது. கொஞ்சம் கசப்பும் இருந்தது. தக்காளி பிழையோ?
– வாசகர், சுன்னாகம்

பதில்: நிறத்தில் பிழை எதுவும் இல்லை. எண்ணெய் நுண்துளிகளாகச் சாற்றில் கலக்கும்போது சிவப்பு வெளிறிச் செம்மஞ்சளாகும். எண்ணெய் பிரியாமல் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கசப்புக்கு இரண்டு இடத்தில் பாருங்கள். கெக்கரிக்காயின் காம்புப் பக்கம் கசக்கக்கூடும். ஒரு விரல் அளவு வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் கடித்துப் பார்த்த பிறகே போடுங்கள். அது சரியென்றால் எண்ணெய். முதல்தரக் கன்னி ஒலிவ் எண்ணெயில் இயல்பாகவே கசப்புப் பொருள் உண்டு. அதை முதலிலேயே ஊற்றிக் கடும் வேகத்தில் சுழற்றினால் அந்தக் கசப்பு தூக்கலாகிவிடும். ஆகவேதான் கடைசியில், மெதுவாக. தக்காளியும் முக்கியம்: திருநெல்வேலிச் சந்தையில் பாதிப் பழுத்தது வாங்கினால் இரண்டு நாள் வெளியே வைத்துக் கனிய விடுங்கள். பிறிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும்.

கேள்வி: ஒலிவ் எண்ணெய் விலை கூட. தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையும். பிறிட்ஜில் வைத்ததும் சூப்பில் மெழுகுத் துணிக்கைகள் மிதக்கும். நல்லெண்ணெய் விட்டால் தக்காளியின் வாசனையே இருக்காது. பாதி சூரியகாந்தி எண்ணெய், பாதி ஒலிவ் எண்ணெய் என்று கலப்பது பரவாயில்லை. வினாகிரியில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் தென்னங்கள்ளு வினாகிரி வாங்குங்கள். செயற்கை வினாகிரி தொண்டையைக் கீறும். தேசிக்காய்ப்புளி விட்டால் வேறொரு பானம் கிடைக்கும், காஸ்பாச்சோ கிடைக்காது.

கேள்வி: எல்லாம் பச்சையாக இருக்கிறதே, வயிற்றுக்குக் கேடில்லையா? எத்தனை நாள் வைக்கலாம்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: காய்களை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஊற்றும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கிணற்று நீரை நேரே விட வேண்டாம். ஐஸ் போடுவதென்றால் அதுவும் கொதித்தாறிய நீரில் உறைந்ததாக வேண்டும். மீனுக்கு வாங்கும் ஐஸை எண்ணியும் பார்க்காதீர்கள். இன்னும் நல்ல வழி, காஸ்பாச்சோவையே ஐஸ் தட்டில் உறையவைத்துக் கிளாசில் போடுவது, உருகினாலும் நீர்த்துப்போகாது.

இரண்டு நாளுக்குள் முடியுங்கள். உள்ளியின் காரம் நாளுக்கு நாள் ஏறும், அதனால்தான் ஒரு பல்லு போதும் என்றோம். மின்சாரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: பிறந்தநாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், பாதிப்பேர் சைவம். எப்படிப் பரிமாறலாம்?
– வாசகி, உரும்பிராய்

பதில்: மேலே சொன்ன அளவை இரட்டிப்பாக்குங்கள். அது முழுச் சைவம்தான். கெக்கரிக்காய், கறிமிளகாய், வெண்காயம், பொரித்த பாண் துண்டு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கித் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தால், அவரவர் விருப்பப்படி மேலே தூவிக்கொள்வார்கள். கோர்தோபா நகரத்தின் சால்மொரேஹோ இதன் தடித்த உறவுக்காரன்: கெக்கரியும் மிளகாயும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஒரு கிலோ தக்காளிக்குப் பாண் 200 கிராம். மேலே அவித்த முட்டையும் உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியும் தூவுவார்கள். சைவக்காரருக்கு இரண்டையும் விட்டுவிடலாம்.

உங்கள் ஊரில் முந்திரிகைப்பழம் (திராட்சை) கிடைக்குமே, அப்படியானால் மாலகாப் பக்கத்து வெள்ளைச் சூப்பையும் செய்யுங்கள். பெயர் அஹோபிளாங்கோ. தோல் நீக்கிய பாதாம் 200 கிராம், ஊறிய பாண் 100 கிராம், உள்ளி ஒரு பல்லு, ஒலிவ் எண்ணெய் 100 மில்லிலீற்றர், வினாகிரி 2 மேசைக்கரண்டி, உப்பு, குளிர்நீர் முக்கால் லீற்றர். முதலில் பாதாமைக் கொஞ்ச நீரோடு வெண்ணெய் போல் அரைத்துவிட்டு மற்றவற்றைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் நறநறக்கும். கஜு போட்டால் இனிப்பு ஏறிவிடும். முந்திரிகைப்பழத்தை இரண்டாகப் பிளந்து, விதை எடுத்து, பரிமாறும் நேரத்தில் கிளாசுக்கு நாலைந்து போடுங்கள்.