நான் கனடாவில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறேன். தொழுவத்து வாய்க்காலில் ஓடிச் சாணி வாரும் சங்கிலி மாதாமாதம் அறுந்துபோகிறது. கண்ணியை மட்டும் மாற்றலாமா, முழுச் சங்கிலியையும் மாற்ற வேண்டுமா?

எப்போதோ ஒரு கண்ணி அறுந்தால் அந்தக் கண்ணியை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் எழுதியிருப்பதுபோல மாதாமாதம் அறுந்தால் அந்தச் சங்கிலி தன் காலத்தை முடித்துவிட்டது. முழுசாகவே மாற்றுங்கள், கூடவே மோட்டார் பக்கத்தில் சங்கிலியை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும்.

நான் இருப்பது சிங்கப்பூரில். இங்கே பால் பண்ணை என்றால் லிம் சூ காங் பக்கம் விரல்விட்டு எண்ணிவிடலாம். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் தமிழர்கள் மாடு வளர்த்த காலத்தில் சாணி வார ஆள்தான், இயந்திரம் கிடையாது. அப்புறம் இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பெரிய தொட்டிகளின் அடியில் கசடு வழிக்கும் சங்கிலிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். முடிவில்லாத சங்கிலி, அதில் வரிசையாகத் தகடுகள், மெதுவான ஓட்டம். உங்கள் தொழுவத்தில் மாடுகளுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் ஓடுவதும் அதே சாதிதான். உங்களைப் போலவே என் மச்சானும் கனடாவில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறார். விடுப்பில் போன இடத்தில் அவரோடு சேர்ந்து ஒரு சங்கிலியை மாற்றியும் இருக்கிறேன். (அக்கா இன்னும் அந்த விடுமுறையைப் பற்றிப் பேசுவதில்லை.)

இந்தச் சங்கிலிகள் பாரம் தாங்காமல் அறுவது குறைவு. தேய்ந்து தேய்ந்துதான் அறுகின்றன. சாணியோடு மண், சுண்ணாம்பு, மணல் எல்லாம் கண்ணிகளின் மூட்டுக்குள் புகுந்து அரம்போல ராவுகிறது. மாட்டு மூத்திரம் மீதி இரும்பை அரிக்கிறது. ஒரு மூட்டில் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 600 கண்ணி உள்ள சங்கிலியில் அதுவே 60 சென்டிமீட்டர் நீளமாகிவிடும். தொய்வை எடுக்க இழுவைத் திருகை முறுக்குவோம். அதுவும் எல்லைக்கு வந்துவிட்டால் ஒரு கண்ணியைக் கழற்றிவிடுவோம். மொத்த நீளம் சரியாகிவிடும், ஆனால் தேய்ந்து நீண்ட ஒவ்வொரு கண்ணியும் நீண்டபடியேதான் இருக்கும். ஸ்ப்ராக்கெட்டின் பல் இடைவெளியோ பழைய அளவில் நிற்கிறது. சங்கிலி பல்லின் உச்சிக்கு ஏறி, சறுக்கி, 'டொக்' என்று விழும். அந்த அதிர்ச்சியில்தான் இருப்பதில் மெலிந்த கண்ணி போகிறது. இப்படி முழுக்கத் தேய்ந்த சங்கிலியின் நடுவில் ஒரே ஒரு புதுக் கண்ணியைக் கோத்தால் அது மட்டும் குட்டையாக நின்று பல்லில் இடிக்கும். சங்கிலி மாற்றியும் ஸ்ப்ராக்கெட்டைப் பழையதாகவே விட்டால், கொக்கிபோல வளைந்த அந்தப் பற்கள் புதுச் சங்கிலியையும் சீக்கிரமே கெடுத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். பத்துக் கண்ணிகளை இழுத்துப் பிடித்து மூட்டுக்கு மூட்டு அளந்து, ஒரு புதுக் கண்ணியின் அதே அளவைப் பத்தால் பெருக்கி ஒப்பிடுங்கள். சாதாரண ரோலர் சங்கிலிக்கு 3 சதவீதம் நீண்டால் மாற்று என்பது பட்டறைக் கணக்கு. உங்களுடையதற்குத் தயாரிப்பாளர் கையேட்டில் தனி வரம்பு போட்டிருந்தால் அதையே பாருங்கள். கண்ணியின் கொக்கியோ அது மாட்டும் துளையின் விளிம்போ பாதி தடிமனுக்கு வந்துவிட்டால் நான் அளந்துகூடப் பார்க்க மாட்டேன்.

வாங்கும்போது கண்ணிகள் ஒன்றில் ஒன்று மாட்டும் கொக்கி வகையா, ஆணி கோத்த 'பின்' வகையா, கண்ணியின் நீளம், தகட்டின் நீளம் எல்லாம் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் சங்கிலி வலஞ்சுழியாக ஓடுகிறதா, இடஞ்சுழியாகவா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். திசை மாறி வந்தால் தகடுகள் தப்பான பக்கம் நிற்கும். சங்கிலி திரும்பும் மூலைச் சக்கரங்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அச்சைச் சுற்றியுள்ள புஷ் என்னும் வளையத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

மாற்றுவது பயப்படும் அளவுக்கு இல்லை. வாய்க்காலைக் காலியாக ஓட்டி முடித்து, மின்சாரத்தைத் துண்டித்து, இழுவைத் திருகை முழுசாகத் தளர்த்துங்கள். ஸ்ப்ராக்கெட்டைத் தாண்டித் தொய்வாக வரும் இடத்தில் சங்கிலியைப் பிரியுங்கள். தொழுவத்துக்குள் திரும்பும் அந்த முனையில் புதுச் சங்கிலியைக் கோத்துவிட்டால், மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்ததும் மோட்டாரே பழையதை வெளியே இழுத்துப் போட, புதுசு பின்னாலேயே வாய்க்காலுக்குள் போய்விடும். ஒருவர் சுவிட்சில், ஒருவர் புதுச் சங்கிலியை முறுக்கில்லாமல் ஊட்ட, இன்னொருவர் பழையது வந்து விழும் இடத்தில். சத்தமாகப் பேசிக்கொண்டே செய்யுங்கள். புதுச் சங்கிலி முதல் சில நாட்களில் மூட்டுகள் படிந்து கொஞ்சம் தளரும், திரும்ப முறுக்க வேண்டிவரும். அதற்காக விறைப்பாகவும் வைக்காதீர்கள். ஸ்ப்ராக்கெட்டை விட்டு இறங்கும் பக்கம் குவியாமல், லேசான தொய்வோடு போனால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சுவிட்சை அணைப்பது துண்டிப்பு ஆகாது. இங்கே எங்கள் வேலையிடங்களில் மெயினில் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாமல் யாரும் இயந்திரத்தில் கை வைக்க முடியாது. கண்ணியைப் பிரிக்கும்போதும் கோக்கும்போதும் அதையே செய்யுங்கள். தொழுவத்தின் மறுகோடியில் இருப்பவருக்கு நீங்கள் வாய்க்காலில் குனிந்திருப்பது தெரியாது. உங்கள் சாணி தரைக்கடியில் உள்ள குழிக்குப் போகிறதென்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். எது உள்ளே விழுந்தாலும் குழிக்குள் இறங்காதீர்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. சாணியை மலையாகச் சேர விடாமல் தினமும் ஓட்டுங்கள். மூலைச் சக்கரங்களுக்குக் கிரீஸ், கியர்பாக்ஸ் எண்ணெய், பெல்ட்டின் இறுக்கம், இவ்வளவுதான். சங்கிலிக்குக் கிரீஸ் பூசாதீர்கள், மணலைத்தான் பிடித்து வைக்கும். வைக்கோல் கட்டு நூல் ஸ்ப்ராக்கெட்டில் சுற்றியிருந்தால் வெட்டி எடுங்கள். குளிர்காலத்தில் சங்கிலி தொழுவத்துக்கு வெளியே ஏறும் சரிவில் ஒரு துளிச் சாணியும் நிற்காதபடி ஓட்டி முடித்தபின்தான் நிறுத்த வேண்டும். காலையில் தகடு தரையோடு உறைந்திருந்தால் முதலில் தட்டி விடுவியுங்கள், 'போட்டுத்தான் பார்ப்போமே' என்று சுவிட்சைத் தட்டினால் அன்றைக்கே அறும்.

மூடிவிட்ட பண்ணையிலிருந்து பழைய சங்கிலி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மூலைச் சக்கரமோ மோட்டாரோ நல்ல நிலையில் இருந்தால் வாங்குங்கள். சங்கிலி வேண்டாம். ஏற்கெனவே தேய்ந்து நீண்ட சங்கிலி உங்கள் ஸ்ப்ராக்கெட்டோடு ஒத்துப்போகாது.