ஓய்வு பெறும் பிரிட்டன் தளபதிக்குக் கொடுக்கும் ‘லார்ட்’ பட்டம் தலையாட்டியதற்குக் கூலியா?

கேள்வி இதுதான்: பிரிட்டனில் முப்படைத் தலைமைத் தளபதி ஓய்வு பெற்றதும் ‘லார்ட்’ ஆக்கி மேலவையில் உட்கார வைக்கிறார்களே, பதவியில் இருந்தபோது அரசுக்குத் தலையாட்டியதற்குக் கூலிதானே அது? இந்தியாவில் ஏன் அப்படி ஒரு வழக்கம் இல்லை?

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலிருக்கிறது. அதனால் இரண்டாம் பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு. ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது. அவ்வளவுதான். முதல் பாதிதான் என்னை இங்கே எழுத வைத்தது. என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதார் மேஜர் வரை வந்து, ஓய்வு பெறும் சமயத்தில் ஹானரரி (கௌரவ) கேப்டன் ஆனவர். கடைசியில் கிடைக்கும் கௌரவத்தைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சுருக்கென்று தைக்கும்.

நான் சரித்திரம் படித்தவள் இல்லை. லண்டனில் சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலை. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பழைய காலத்து லார்ட் பட்டமும் இப்போது தளபதிகளுக்குக் கொடுப்பதும் ஒன்றில்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்து திப்பு சுல்தானை வீழ்த்திய படைக்குத் தலைமை தாங்கியவர் மதராஸ் படைத் தளபதி ஜார்ஜ் ஹாரிஸ். அவருக்கு 1815இல் கிடைத்த பட்டத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் இரண்டு பெயர்களும் உண்டு. அது பரம்பரைப் பட்டம். பேரன் மூன்றாம் லார்ட் ஹாரிஸ் 1854இல் மதராஸுக்கே கவர்னராக வந்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படைத் தளபதி ஹெய்குக்கு ‘ஏர்ல்’ என்ற பரம்பரைப் பிரபுப் பட்டம், கூடவே 1 லட்சம் பவுண்டு ரொக்கம். 1916 ஜூலை 1ஆம் தேதி சோம் போர்க்களத்தில் ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தது அவர் தலைமையில்தான். இதைக் கூலி என்று நீங்கள் சொன்னால் நான் குறுக்கே வர மாட்டேன். ஆனாலும் ஊனமுற்ற முன்னாள் வீரர்களின் பென்ஷனுக்கு வழி செய்யாமல் எனக்குப் பட்டம் வேண்டாம் என்று அதே ஹெய்க் முரண்டு பிடித்திருக்கிறார். அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

1958இல் ஆயுள் பிரபுக்கள் சட்டம் வந்தது. ஆள் போனால் பட்டமும் போய்விடும், மகனுக்கு ஒன்றும் கிடையாது. சம்பளமும் இல்லை, அவைக்கு வந்த நாளுக்குப் படி உண்டு. ஓய்வு பெறும் முப்படைத் தலைமைத் தளபதி, அமைச்சரவைச் செயலாளர் மாதிரி ஆட்களைப் பிரதமர் நேரடியாகச் சிபாரிசு செய்யலாம். ஒரு நாடாளுமன்றக் காலத்துக்குப் பத்து பேர் வரை என்று ஒரு வரம்பும் வைத்திருக்கிறார்கள். தளபதிகள் பெரும்பாலும் கட்சி சாராத கிராஸ்பெஞ்சில் உட்காருவார்கள். பதவியில் இருந்தாலே தானாக வந்து விழுகிற பட்டமும் இல்லை. தலைமைத் தளபதியாக இருந்த பீட்டர் ஹார்டிங் 1994இல் ஒரு பெண் விவகாரத்தில் ராஜினாமா செய்தார், அவருக்குப் பட்டம் வரவில்லை.

இனி கூலி விஷயத்துக்கு வருகிறேன். 2007 நவம்பர் 22. பிரதமர் கார்டன் பிரவுன். பாதுகாப்பு அமைச்சர் டெஸ் பிரவுன், ஸ்காட்லாந்து இலாகாவையும் அவரே சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈராக், ஆப்கானிஸ்தான் என்று இரண்டு இடத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நேரம். அன்றைக்கு மேலவையில் ஐந்து முன்னாள் தலைமைத் தளபதிகள், பிரமால், கிரெய்க், இஞ்ச், கத்ரி, பாய்ஸ், ஒருவர் பின் ஒருவராக எழுந்து அரசைப் பிடித்து வாங்கினார்கள். ராணுவத்துக்குப் பணம் போதவில்லை, பாதுகாப்புத் துறையைப் பகுதி நேர வேலையாக ஒருவரிடம் கொடுத்திருப்பது படைக்கு அவமானம் என்று. கத்ரிக்கு 2001இல், பாய்ஸுக்கு 2003இல் பட்டம் கொடுத்தது எந்தக் கட்சி அரசு? அதே லேபர் அரசுதான். வாங்கிய கூலிக்கு வேலை செய்கிற லட்சணம் இதுவா?

இந்தக் கதையை அப்பாவுக்குச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேரனைப் பார்க்க வந்திருந்தார். ஊர் சுற்றிப் பார்க்க எங்கே போகலாம் என்றால் பார்லிமென்ட் என்றார். மேலவை விவாதத்தைப் பொதுமக்கள் காலரியில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம் என்று சொன்னதும், ஜூலை வெயிலில் ரெஜிமென்ட் பிளேசரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பையை ஸ்கேன் செய்யும் இடத்தில் இருந்த காவலர் அவர் நெஞ்சில் இருந்த யானைச் சின்னத்தைப் பார்த்து எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்று சொன்ன பதிலில் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த யானை அசாயே யானை. 1803இல் அசாயே போரில் சண்டை போட்ட மதராஸ் பட்டாளங்களுக்குக் கிடைத்த சின்னம். அங்கே தலைமை தாங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்பாடு ஐரோப்பாவில் நெப்போலியன் படைகளை ஜெயித்து வெல்லிங்டன் ட்யூக் ஆனார். அவர் பெயரைத் தாங்கிய நீலகிரி வெல்லிங்டனில்தான் அப்பா ரெக்ரூட்டாக வேர்க்க விறுவிறுக்க ஓடினார். இதை அவரே காவலரிடம் அரைகுறை இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தார், நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

உள்ளே போனால் அப்பாவுக்கு ஏமாற்றம். ஜெனரல்கள் எல்லாம் மெடல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார். சிவப்பு அங்கியெல்லாம் பதவியேற்பு மாதிரி விசேஷ நாட்களுக்குத்தான். அன்றைக்கு எல்லாரும் சாதாரண கோட்டு சூட்டு. “இதுல யாரும்மா சாப்?” என்று என் காதில் கேட்டார். பட்டாளத்துப் பேச்சில் சாப் என்றால் அதிகாரி. குறுக்கே போட்டிருந்த கிராஸ்பெஞ்சைக் கண்ணால் காட்டினேன், அதில் யார் தளபதி, யார் டாக்டர் என்று எனக்கே தெரியவில்லை. விவாதம் ஆற்றில் சாக்கடை கலப்பது பற்றி. ராணுவம் என்ற பேச்சே எழவில்லை. அப்பா முதுகு வளையாமல் கடைசி வரை கேட்டார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் 2007 கதையைச் சொன்னேன். “பட்டம் குடுத்தவன் மூஞ்சிக்கு நேரா பேசினாங்களா?” என்று சிரித்தார். அப்புறம் கேட்டார் பாருங்கள்: “அதெல்லாம் சரி. யூனிஃபார்ம்ல இருக்கும்போது எவனாவது பேசினானா?”

இங்கேதான் பாய்ஸ் மறுபடி வருகிறார். 2003இல் ஈராக் மீது படையெடுக்கும் முன்பு, இந்தப் போர் சட்டப்படி சரி என்று தெளிவாகச் சொல்லுங்கள், என் ஆட்களை நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்தக் கூடாது என்று அரசிடம் கேட்டவர் அவர். அதற்கு உறுதிமொழியும் வாங்கினார். அந்த ஆண்டே ஓய்வு, அந்த ஆண்டே லார்ட். அப்பா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். “அது சர்வீஸ்காரன் புத்தி. வாயால சொன்ன ஆர்டருக்கு நாளைக்கு யாரும் சாட்சி வர மாட்டான்” என்றார். போர் தப்பு என்று தோன்றியிருந்தால் பாய்ஸ் ஏன் விலகவில்லை என்று நான் கேட்டதற்கு, “நீ கம்ப்யூட்டர்ல சம்பளம் போடறவ, உனக்குப் புரியாது” என்று முடித்துவிட்டார். எனக்கு இன்னமும் அந்தக் கேள்வி இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

உடனே “வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிக்கிறாள்” என்று யாராவது வருவார்கள். இல்லை ஐயா. குறை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. முன்னாள் தரைப்படைத் தலைவர் ஒருவர் அவையின் நடத்தை விதிகளை மீறியதற்காக 2025இல் நான்கு மாதம் இடைநீக்கம் ஆனார். மக்கள் ஓட்டே போடாத ஒரு சபை ஜனநாயக நாட்டில் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. உச்சியில் இருந்தவருக்குத்தான் இந்த வழக்கம், சார்ஜென்ட் மேஜருக்குக் கிடையாது. என் வாதம் சின்னது: நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தே ஆக வேண்டிய ஒரு தொழிலில் இருந்தவரை, கட்சிக் கொடி பிடிக்கச் சொல்லாமல், இனி பேசு என்று ஓர் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். நம் ஊரில் தளபதி நாடாளுமன்றத்துக்குள் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரு கட்சியின் கை வேண்டும். 2012இல் ஓய்வு பெற்ற வி.கே. சிங் 2014இல் பா.ஜ.க. வேட்பாளராக காசியாபாத்தில் நின்று ஜெயித்து அமைச்சரானார். அது அவர் உரிமை, குறை சொல்லவில்லை. ஆனால் அமைச்சரான பிறகு சொந்த அரசை எழுந்து நின்று கேள்வி கேட்க முடியுமா? கிராஸ்பெஞ்சில் இருப்பவரால் முடியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கிடைத்த ஹானரரி கமிஷனும், அதாவது கௌரவ அதிகாரிப் பதவியும், இதே போல்தான், தானாக வந்து விழாது. சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்த ஜே.சி.ஓ.க்களில் (இளநிலை அதிகாரிகளில்) சிலரைப் பொறுக்கி எடுத்து ஜனவரி 26, ஆகஸ்ட் 15 பட்டியலில் போடுவார்கள். அப்பா பெயர் வந்த அன்றைக்கு எங்கள் தெருவில் லட்டு கொடுத்தோம். அம்மா அந்த கெஸட் நகலை பீரோவில் நகையோடு வைத்திருந்தாள்.

அப்படிப்பட்ட பட்டத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் கொடுத்த மரியாதையைக் கேளுங்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.எஸ்., (யு.எஸ்.ஏ.). பெண்ணின் தாய்மாமன் பெயருக்குப் பின்னால் அவர் எப்போதோ பாதியில் விட்ட எம்.ஃபில். கூட இருக்கிறது. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பட்டியலில் ரியல் எஸ்டேட், பைனான்ஸ், வட்டச் செயலாளர் எல்லாம் போட்டிருக்கிறார்கள். எங்கள் அப்பா மட்டும் வெறும் ‘திரு.’ அம்மா கேட்டதற்கு சித்தப்பா சொன்ன பதில்: “ஹானரரிதானே அண்ணி, சும்மா குடுக்கறது. போட்டா நாலு பேர் கேப்பாங்க.” சும்மா கொடுக்கிறதாம்! சியாச்சினில் விரல் மரத்துப்போய் வந்தவருக்குச் சும்மா கொடுத்தார்களாம்! அம்மா அந்தக் கல்யாணத்தில் சாப்பிடாமல் வந்தாள்.

சித்தப்பா இதைப் படிப்பார் என்று தெரியும், படிக்கட்டும். போன மாதம் அவர் பேரனுக்குக் காதுகுத்து. எங்கள் வீட்டில் நடந்த சண்டை காதுக்கு எட்டியிருக்க வேண்டும், இந்த முறை பத்திரிகையில் ‘கேப்டன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு அனுப்பியிருந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு உடனே போனை எடுத்தார். “டேய், ஹானரரி எங்கடா? நான் வாங்காத ரேங்க்கை எதுக்குடா என் பேர்ல போட்ட?” அரை மணி நேரம் திட்டினார்.