பால் பைத்தான் முட்டைக்கு வீட்டிலேயே இன்குபேட்டர்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கோழி முட்டைக்கு வாங்கிய இன்குபேட்டர் சும்மா கிடக்கிறது. பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் வெளிநாட்டு மலைப்பாம்பு) முட்டைகளை அதிலேயே வைக்கலாமா?

பதில்: அப்படியே வைக்காதீர்கள் தம்பி. கோழி முட்டைக்கு 37.5 டிகிரி வேண்டும். பைத்தானுக்கு 31 முதல் 32 டிகிரிதான். 34-ஐத் தாண்டி நின்றால் முதுகெலும்பு வளைந்த குட்டிகள் வரும், இல்லையென்றால் முட்டைக்குள்ளேயே செத்துவிடும். இன்னொன்று, கோழி இன்குபேட்டர் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும். ஊர்வன முட்டையில் கரு சீக்கிரமே மேற்பக்கச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு திருப்பிப் போட்டால் மஞ்சள் கரு அதன்மேல் அழுத்தி மூச்சை அடைத்துவிடும். முட்டையைக் கையில் எடுத்ததுமே மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கடைசிவரை அந்தப் புள்ளி மேலேயே இருக்கட்டும்.

கேள்வி: புதிதாகச் செய்ய என்னென்ன வேண்டும்?

பதில்: மீன் ஏற்றி வரும் தெர்மோகோல் பெட்டி, 40 லிட்டர் அளவு, சுவர் தடிமனாக இருப்பது நல்லது. கழுவி, வெயிலில் காயவைத்து வாசனை போனபின் எடுங்கள். 12 வோல்ட் 20 வாட் ஹீட்டிங் பேட் ஒன்று, 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சிறிய போர்டு) இரண்டு, 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர். பேடைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, ஒரு ஓட்டுத்துண்டின்மேல் ஒட்டுங்கள். தெர்மோகோலில் நேராக ஒட்டினால் உருகிவிடும். முட்டைகளை உள்ளே மூடியுள்ள ஒரு சிறிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்; ஃபேன் அந்த முட்டைப் பெட்டிமேல் நேராக வீசக்கூடாது. சுவரைப் பார்த்து மெதுவாகச் சுற்றட்டும். காலியிடத்தில் நாலைந்து தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வையுங்கள். மூடியைத் திறந்தாலும் சூடு சட்டென்று இறங்காமல் அவை தாங்கும்.

கேள்வி: தெர்மோஸ்டாட் எதற்கு இரண்டு?

பதில்: வீட்டு இன்குபேட்டரில் முட்டைகளைக் கொல்வது பெரும்பாலும் குளிர் இல்லை, சூடுதான். இந்த மலிவான போர்டில் ரிலேவின் (ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) முனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. பேடுக்குப் போகும் வயரில் இரண்டு போர்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணையுங்கள். முதலாவதை 31.5-இலும் இரண்டாவதை 33-இலும் வையுங்கள். முதலாவது சிக்கிக்கொண்டால் இரண்டாவது துண்டிக்கும்.

முட்டை வைக்குமுன் ஒரு சோதனை அவசியம்: தெர்மோஸ்டாட்டை விலக்கி, ஹீட்டரை நேராக ஓடவிட்டு, நீங்கள் பக்கத்திலேயே இருந்து பெட்டி எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள். 40-ஐத் தாண்டிப் போனால் பேட் உங்கள் பெட்டிக்குப் பெரியது. வாட் குறைந்ததாக மாற்றுங்கள்.

போர்டு அமைப்பில் பி0-ஐ எச் என்று வையுங்கள், அதுதான் சூடாக்கும் முறை. பி1 என்பது எத்தனை டிகிரி இறங்கினால் ஹீட்டர் மீண்டும் எரிய வேண்டும் என்பது; கடையிலிருந்து 2 டிகிரியில் வரும்; அதை 0.3 ஆக்குங்கள். சென்சாரைக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு சேர்த்து 36 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் நுனி மட்டும் நனையும்படி வைத்து, வித்தியாசத்தை பி4-இல் திருத்துங்கள். அதன்பின் சென்சாரை முட்டைப் பெட்டிக்குள்ளேயே, முட்டை மட்டத்தில் வைக்க வேண்டும். ஓரத்தில் தொங்கவிட்டால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். எல்லாம் சரியானபின் ஒரு வாரம் வெறும் பெட்டியாக ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: முட்டை மேலேயே தண்ணீர் சொட்டுகிறது. ஒன்றில் பூஞ்சையும் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மூடி உள்ளிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால்தான் ஆவி அதில் படிகிறது. முட்டைப் பெட்டியை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள், தண்ணீர் ஓரமாக வழியும். அடியில் பெர்லைட் (தோட்டத்துக்குப் போடும் லேசான வெள்ளைத் துகள்), அதன் எடைக்குச் சமமான தண்ணீர் கலந்து, மேலே டியூப்லைட்டுக்கு மூடும் பிளாஸ்டிக் கண்ணித் தட்டை வைத்து, முட்டைகளை அதன்மேல் வையுங்கள். முட்டை ஈரத்தில் தொடாமல், காற்றின் ஈரத்திலேயே இருக்கும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் போதும்.

பூஞ்சையை உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பிரிக்காதீர்கள், ஓடு கிழிந்துவிடும். டார்ச் பிடித்துப் பாருங்கள்: சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளாக, சிறுத்து, நரம்பில்லாமல் இருப்பது கருவுறாதது. அது தனியாக இருந்தால் எடுத்துவிடலாம்.

கேள்வி: சென்னையில் மே மாதம் அறையே 36 டிகிரி. என்ன வழி சார்?

பதில்: இந்தக் கருவி சூடாக்க மட்டும்தான் தெரியும், அறை 32-ஐத் தாண்டினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஏசி 27, 28-இல் ஓடும் அறைக்கு நகர்த்துங்கள். ஐஸ் பாட்டில் போட்டால் அரை மணியில் குளிரும், பிறகு ஏறும். அந்த ஏற்ற இறக்கமே கெடுதல். மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மின்சாரம் போனால்?

பதில்: எல்லாம் 12 வோல்ட் என்பதால் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி கொண்ட டிசி யுபிஎஸ் போதும். பேட் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் எரியும் என்று கொண்டால், ஃபேனோடு சேர்த்து 10 வாட் சராசரி. பேட்டரியைப் பாதிக்குமேல் தீர்க்காமல் சுமார் நாலு மணி நேரம் கிடைக்கும்.

கேள்வி: வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பாம்பு முட்டை கிடைத்தது. இதில் வைத்துப் பொரிக்கலாமா?

பதில்: வேண்டாம். நம் நாட்டுப் பாம்புகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே வைத்து, மண்ணால் மூடி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் பைத்தான் வெளிநாட்டு இனம் என்றாலும் 2022 திருத்தத்தின்படி அதையும் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: 50-ஆம் நாள் முட்டைகள் குழிவிழுந்து போயின. பயமாக இருக்கிறது அக்கா.

பதில்: பயப்படாதீர்கள் தங்கச்சி. கடைசி இரண்டு வாரத்தில் குழிவது இயல்பு. முதல் மாதத்திலேயே குழிந்திருந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். 31.5 டிகிரியில் 55 முதல் 60 நாளுக்குள் குட்டி மூக்கால் ஓட்டைக் கீறும். தலையை நீட்டிக்கொண்டு ஓரிரு நாள் அப்படியே இருக்கும். மிச்ச மஞ்சள் கரு உள்ளே போகிற நேரம் அது. வெளியே இழுத்தால் தொப்புள் கிழிந்து ரத்தம் வரும். தானாக வெளியே வந்தபின் ஈரத் துணி விரித்த டப்பாவுக்கு மாற்றுங்கள். முதல் தோல் உரித்தபின் இரை கொடுத்தால் போதும்.